சின்னம்மாவுக்குக் கோபமே வராது

போன மாதம் என் மகள் அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கைப்பையைச் சோபாவில் வீசிவிட்டு, கூட வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றிப் பொரிந்து தள்ளினாள். "அவ சரியான பாசிவ் அக்ரெசிவ்மா" என்றாள். எனக்குத் தெரியாத வசவே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இது புதிதாக இருந்தது. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவளும் பொறுமையாக விளக்கினாள். மனசு நிறையக் கோபம் இருக்குமாம், வாயில் வராதாம். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்களாம். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள், ஆனால் வேலை நடக்காது, நடந்தாலும் கெட்டுப்போய்த்தான் நடக்கும். கடைசியில் பொறுக்க முடியாமல் யார் கத்துகிறார்களோ அவர்கள் தலையில்தான் பழி விழும்.

"இதுக்கா இவ்ளோ பெரிய பேரு? இது எங்க சின்னம்மா" என்றேன்.

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும், சின்னம்மா என்று சொன்ன மாத்திரத்தில் அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்தது.

ஜவ்வாது மலையில் எங்களுடையது கூட்டு வீடு. அப்பா, அம்மா, சித்தப்பா, சின்னம்மா, நான், சின்னம்மாவின் தவழும் குழந்தை. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. எழுபதுகள் முடிகிற நேரம், எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. அம்மாவின் கோபம் ஊரறிந்தது. அவள் கத்தினால் எதிர்ச் சரிவில் ஆடு மேய்ப்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். கத்திய சூடு ஆறுவதற்குள் தட்டில் களியை வைத்து, "துன்னு" என்று என் பக்கம் தள்ளுவாள். அதோடு சரி, அந்தக் கோபத்துக்கு மறுநாள் கிடையாது. சின்னம்மா பச்சைத் தண்ணீர். ஒரு சுடுசொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. அம்மா எதைச் சொன்னாலும் முகமெல்லாம் சிரிப்பாக, "சரிக்கா" என்பாள். "அவளுக்குக் கோவமே வராதும்மா, தங்கம்" என்று தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். அம்மாவை வைத்துக்கொண்டே பேசுவார்கள்.

ஆனால் அந்தத் தங்கம் செய்கிற வேலைகள் எப்படியோ கோணலாக முடியும். குழம்பில் உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடு என்று அம்மா சொன்னால், மறுநாள் குழம்பில் உப்பே இருக்காது. என் தலையை அழுத்திச் சீவி விடு என்றால், கண் இரண்டும் நெற்றிப்பொட்டுக்கு ஏறுகிற மாதிரி இழுத்துப் பின்னிவிட்டு, "அக்கா சொன்னாங்களேடி கண்ணு" என்று கன்னத்தைத் தடவுவாள். ஒரு தடவை மழை வருகிறது, ஆட்டுப் பட்டியை மூடு என்று அம்மா வயலிலிருந்து கத்தினாள். சின்னம்மா ஓடிப்போய் மூடினாள். ஆடுகள் எல்லாம் வெளியே நனைந்துகொண்டு நின்றன. "மூடச் சொன்னீங்க, மூடிட்டங்கா. ஆட்ட உள்ள வுடச் சொல்லலியே" என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. அம்மா கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து சின்னம்மாவைத் தேற்றினாள்.

அம்மா கத்தும்போது எனக்குப் பயமாக இருக்கும், அவ்வளவுதான். சின்னம்மா "சரிக்கா" என்று சிரிக்கும்போது எனக்கு வயிறு வலிக்கும். ஏதோ நடக்கப் போகிறது, என்ன என்று தெரியாது, எப்போது என்றும் தெரியாது. பூச்சி மருந்து என்று வேப்பங்கொழுந்தை அரைத்து அரைத்துக் கொடுத்தார்கள், வலி நிற்கவில்லை.

அந்த வருடம் கார்த்திகையில் என் தாய்மாமாவுக்குக் கல்யாணம். மாமா படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய் அங்கேயே ஊன்றிக்கொண்டவர். பெண்ணும் அங்கேயே அமைந்தது, படவேட்டுக் கோயிலில் காலை முகூர்த்தம். அம்மாவுக்குக் கூடப் பிறந்தது அவர் ஒருவர்தான். தாய் செத்த பிறகு அவரை இடுப்பில் தூக்கித் திரிந்து வளர்த்தவள் அம்மா. தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளை அவரோடு பிறந்தவள்தான் போட வேண்டும். அம்மா அந்த முடிச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். களை எடுக்கும்போது பேசினாள், கதிர் அறுக்கும்போது பேசினாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன்.

தம்பி கல்யாணத்துக்குப் போகிற அக்கா வெறுங்கையோடு போக முடியாது. தன் வீட்டுப் புதுச்சாமையைக் கொண்டுபோக வேண்டும், அதில்தான் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முதல் சோறு பொங்குவார்கள். ஆனால் புதுச்சாமையை அப்படியே அள்ளி மடியில் கட்டிக்கொண்டு போய்விட முடியாது. முதல் படியை ஆத்தாளுக்குப் படைத்த பிறகுதான் அது வீட்டு வாசலைத் தாண்டலாம். படைக்கிற சாமையை வீட்டு மருமகள்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே உரலில் குத்த வேண்டும், அரிசி உடைந்து நொய் விழக் கூடாது. இதில் இன்னொன்றும் இருந்தது. உலக்கையைத் தொடுவதற்கு முன்னால் பூசாரி வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து ஒவ்வொருத்தியிடமும், "மனசுல எதனா இருக்குதா?" என்று கேட்பார். இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். சொல்லித் தீர்த்துவிட்டுத்தான் குத்த வேண்டும். மனசில் கசப்பை வைத்துக்கொண்டு குத்தினால் சாமை உடையும் என்பது எங்கள் மலையில் யாருக்கும் சந்தேகமில்லாத விஷயம்.

இந்தக் குத்தைக் கல்யாணத்துக்கு நெடுநாள் முன்னாலேயே முடித்துவிட அம்மா நினைத்தாள். சின்னம்மாவும் "சரிக்கா" என்றாள். முதலில் அவளுக்குத் தலைவலி வந்தது. அது போனதும் குழந்தைக்குச் சளி பிடித்தது. காயப்போட்ட சாமையை மழைக்கு முன்னால் அள்ளு என்று அம்மா சொல்லிவிட்டுப் போன அன்று, சின்னம்மா குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே தூங்கிப்போனாள். பாய் நனைந்தது, சாமை நனைந்தது. "கண்ணு அசந்துட்டங்கா, என்ன அடிச்சிடுங்கக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நனைந்த சாமை மறுபடி காய்ந்து முடிவதற்குள் கல்யாணம் மறுநாள் என்றாகிவிட்டது. அப்பாவும் சித்தப்பாவும் பந்தல் வேலைக்காக ஏற்கெனவே படவேட்டுக்கு இறங்கிவிட்டார்கள்.

விடிந்தும் விடியாததுமாகக் குத்தி, படைத்து, கடுக்காய் மூட்டை கொண்டுபோகிறவர்களோடு அம்மாவும் நானும் இறங்குவது என்று ஏற்பாடு. வழியில் கரடி உண்டு, கூட்டமாகத்தான் போக வேண்டும். மூட்டைக்காரர்கள் ஊர் முனைப் புங்க மரத்தடியில் வெயில் ஏறும்வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் இருட்டிலேயே எழுந்து புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா அன்றைக்குப் பார்த்து மெதுவாகக் குளித்தாள், மெதுவாகத் தலை துவட்டினாள். வாசலுக்கு ஓடி மரத்தடியைப் பார்ப்பதும் உள்ளே ஓடிச் சின்னம்மாவைப் பார்ப்பதுமாக எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பூசாரி வந்தார். மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். அம்மாவிடம் கேட்டார்.

"சாமை நனஞ்சத நெனச்சி நேத்துக் கத்திட்டேன். இப்ப ஒண்ணும் இல்ல சாமி" என்றாள் அம்மா.

சின்னம்மாவிடம் கேட்டார்.

"எனக்கின்னா சாமி இருக்கப் போவுது?" என்று சின்னம்மா சிரித்தாள்.

அம்மா உலக்கையை எடுக்கப் போனவள் நின்றாள். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து, "போன வருசம் உன் தங்கச்சி சடங்குக்கு நான் உன்ன அனுப்பல. கதிர் உதிர்ந்துடும், அறுப்பு முடிச்சிட்டுப் போன்னேன். அது மனசுல இருந்தா இங்கயே சொல்லிடும்மா. நான் கேட்டுக்கறேன்" என்றாள்.

எனக்கும் அது ஞாபகம் இருந்தது. ஆலங்காயம் பக்கம் இருந்த சின்னம்மாவின் தாய்வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்தும் அவள் போகவில்லை. அறுப்பு முடிந்தபோது சடங்கும் முடிந்திருந்தது. அன்றும் அவள் "சரிக்கா" என்றுதான் சொன்னாள், தங்கைக்கென்று வாங்கி வைத்திருந்த வளையல்களை எனக்குப் போட்டு அழகு பார்த்தாள்.

"அய்யோ, அத எப்பவோ மறந்துட்டங்கா. நீங்க இன்னும் அதையா நெனச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள் சின்னம்மா இப்போது. சிரிப்புக் கொஞ்சமும் குறையவில்லை. எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது.

குத்த ஆரம்பித்தார்கள். உரலிலிருந்து சிதறுகிற சாமையைக் குழிக்குள் தள்ளிவிடுவது என் வேலை. இரண்டு உலக்கையும் மாறி மாறி ஒரே தாளத்தில் விழுந்தால் சாமை தானாகப் புரண்டு கொடுக்கும், உமி கழலும், அரிசிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று பிந்தினால் சாமை குழியில் படுத்துவிடும், அடுத்த அடி நேராக அரிசியின் மேல் இறங்கும். அம்மாவின் உலக்கை எப்போதும் போல் விழுந்தது. சின்னம்மாவின் உலக்கை அரை மூச்சுத் தாமதமாக விழுந்தது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது. குழிக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் தெரிந்தது, கையை எப்போது இழுப்பது என்று தெரியாமல் திணறினேன். நிமிர்ந்து பார்த்தேன். சின்னம்மா என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தாள்.

அம்மா தன் உலக்கையை நிறுத்தி அவளுக்காகக் காத்தாள். அப்போது சின்னம்மாவின் உலக்கை முந்தியது. இரண்டும் மோதிக்கொண்டன. "ஒரே மாரி குத்தும்மா" என்றாள் அம்மா. "சரிக்கா" என்றாள் சின்னம்மா. மறுபடி அதே அரை மூச்சு. "நேரமாவுதுடி, ஆளுங்க நிக்கிறாங்க!" என்று அம்மாவின் குரல் உயர்ந்தது. வேலிப் பக்கம் இரண்டு பெண்கள் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள்.

புடைத்துப் பார்த்தால் முறத்தில் பாதிக்குப் பாதி நொய். பூசாரி ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். அவர் யாரையும் விசாரிக்கவில்லை, நேராக அம்மாவைத்தான் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லன்னியேம்மா" என்றார்.

"நான் இல்ல சாமி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"இப்பக்கூட அந்தப் புள்ளய அதட்டுனத இந்தக் காதால கேட்டனே. அவ மொகத்தப் பாரு, எதனா தெரியுதா?"

எல்லோரும் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கோபக்காரி யார் என்று ஊருக்கே தெரியும்போது அவர் வேறு யாரைப் பார்ப்பார்? எனக்கு அந்த அரை மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எப்படிச் சொல்வது? சின்னம்மா குத்தினாள், நிறுத்தவில்லை, சிரித்தாள், சரி என்றாள். இதில் எதைக் குற்றம் என்று சொல்வது?

கசப்போடு குத்தியவள் ஊற்றுக்குப் போய்த் தலை நனைத்து, ஈரத் துணியோடு தண்ணீர் கொண்டுவந்து உரலைக் கழுவ வேண்டும். எதிரில் குத்தியவளின் கையில் வெற்றிலை வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகுதான் மறுபடி குத்தலாம். அம்மா வாதாடவில்லை, வாதாட நேரம் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள். அவள் திரும்புவதற்குள் மூட்டைக்காரர்களில் ஒருவர் வாசலுக்கு வந்து, "இன்னா பாப்பா, உங்கம்மா வர்றாங்களா இல்லியா?" என்று என்னைக் கேட்டார்.

"வர்றாங்க, இதோ வர்றாங்க, கொஞ்சம் இருங்க" என்று கெஞ்சினேன். சின்னம்மா உள்ளிருந்து வந்து, "அவங்களுக்கு இன்னும் நேரமாவுங்க. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம், நீங்க கெளம்புங்க" என்று மரியாதையாகச் சொன்னாள். அவர் போய்விட்டார்.

அம்மா ஈரம் சொட்டச் சொட்ட வந்து உரலைக் கழுவினாள். சின்னம்மாவின் கையில் வெற்றிலையை வைத்தாள். "மன்னிச்சிடும்மா" என்று சொல்லும்போது அம்மாவின் உதடு நடுங்கியது, குளிரால் என்று நினைத்தேன். "அய்யய்யோ, எங்கிட்டப் போயா கேக்கறீங்க? எனக்கு மனசுல ஒண்ணுமே இல்லக்கா" என்று சின்னம்மா வெற்றிலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதன் பிறகு அவள் குத்திய குத்து இருக்கிறதே, அப்படி ஒரு ஜோடிக் குத்தை நான் பிறகு பார்க்கவேயில்லை. தாளம் பிசகவில்லை. முறத்தில் நொய் என்று ஒன்றுகூட விழவில்லை. பூசாரிக்கு ஏகத் திருப்தி, தன் வைத்தியம் பலித்துவிட்டது என்று.

படைத்து முடித்து அம்மா சாமையைத் துணியில் முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மரத்தடி காலி. "நாளைக்குப் போங்கக்கா, கல்யாணத்துக்கு அப்புறம்கூடப் பொண்ணு மாப்ளயப் பாக்கலாமே" என்றாள் சின்னம்மா. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். ஒற்றையடிப் பாதையில் புதர் அசைந்தால் எனக்குக் கரடி, காற்று வந்தால் கரடி. அம்மா பிடித்த பிடியில் என் மணிக்கட்டு சிவந்துபோயிற்று. முக்கால் இறக்கத்தில் இருந்த ஒரு குடிசைப் பக்கம் போகும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் குறுக்கே நின்றுகொண்டார். "குட்டி போட்ட கரடி சுத்துது. கொழந்தய வெச்சிக்கினு இப்ப எறங்காதம்மா. விடியட்டும்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், கீழே இருட்டிக்கொண்டு வந்த பாதையைப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள்.

வெளுக்கத் தொடங்கியதும் கிளம்பினோம். மலை முடிந்து கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே வரப்பில் ஓடிக்கொண்டிருந்தோம். கோயில் மரங்கள் தெரிந்தன. "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று அம்மா மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே ஓடினாள். அப்போது கெட்டிமேளம் கேட்டது. அம்மா நின்றாள். மேளம் அடித்து ஓயும்வரை வரப்பின் மேல் அப்படியே நின்றாள். பிறகு நடந்தாள், அவசரமே இல்லாமல்.

முடிச்சைப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி போட்டிருந்தாள். மாமா அம்மாவைப் பார்த்ததும் மாலையோடு எழுந்து வந்து, "இன்னாக்கா, நீ கூட வரலன்னா எப்டி?" என்று குழந்தை மாதிரி கேட்டார். அம்மா கத்துவாள், நடந்ததையெல்லாம் போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்தேன், அப்படிக் கத்திவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். அம்மா சிரித்தாள். "வழியில நேரமாய்டுச்சிடா. பரவால்ல" என்றாள். அப்பா கேட்டதற்கும் அதே "பரவால்ல". சித்தப்பா கேட்டதற்கும் அதே. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விருந்தில் அதிரசத்தைத் தொட முடியவில்லை.

பந்தல் பிரித்துக் கொடுத்துவிட்டு வருவதாக அப்பாவும் சித்தப்பாவும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மாவும் நானும் மலையேறினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன நடக்குமோ, அம்மா உலக்கையைத் தூக்கிவிடுவாளோ என்று நான் நடுங்கிக்கொண்டே வந்தேன்.

சின்னம்மா வாசலிலேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது, தலை வாரவில்லை. நாங்கள் போன பிறகு அவள் தூங்கியிருக்க மாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். குழந்தையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சிரிப்பே இல்லாத குரலில், "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சாக்கா? நேரத்துக்குப் போய்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போய்ட்டமே. நான்தான் முடிச்சி போட்டேன்" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

"நெசமாவாக்கா?"

"பின்ன? கூடப் பொறந்தவ நான் இருக்கும்போது வேற எவ போடுவா?" என்று சொல்லி, மடியிலிருந்து அதிரசப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தாள். "உனக்குன்னு எடுத்தாந்தேன். துன்னு."

சின்னம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் முகம் தெளிந்துபோயிற்று. ஓடிப்போய் வெந்நீர் வைத்தாள். அம்மாவின் காலைத் தானே தேய்த்துவிட்டாள், வேண்டாம் என்று சொன்ன பிறகும் விடவில்லை. அன்று அவள் வைத்த குழம்பில் உப்பு சரியாக இருந்தது, புளி சரியாக இருந்தது. "நல்லா இருக்குதும்மா" என்று அம்மா இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. சித்தப்பா மலையேறி வந்ததும் எல்லாவற்றையும் சின்னம்மாவிடம் சொல்லிவிடுவாரே, அம்மாவின் பொய் வெளிப்பட்டுவிடுமே, அப்போது அம்மா முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள் என்று ஒவ்வொரு நாளும் பாதையைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். சின்னம்மாவின் மனம் ஆறிய பிறகு, அவள் புருஷன் வாயாலேயே அது வெளிப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அம்மா அப்படிச் சொன்னாள் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.